புதிய நாட்டில் ஸ்டியரிங் பிடிக்கும் முன்: வேக வரம்பு எப்படி வைக்கிறார்கள், எப்படிப் பிடிக்கிறார்கள்

சிவப்பு வட்டத்துக்குள் 50 என்று இருந்தால் 50-ஐத் தாண்டக் கூடாது. இதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம். புதிதாக வந்தவர் மாட்டிக்கொள்வது பலகையே இல்லாத இடத்தில். ஒவ்வொரு நாட்டிலும் சாலையின் வகைக்கு ஏற்பச் சட்டமே ஒரு பொது வரம்பை வைத்திருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் ஓட்டும் வண்டியின் வகைக்கு ஒரு வரம்பு, பலகையில் ஒரு வரம்பு, மழைக்கும் பள்ளி நேரத்துக்கும் இன்னொரு வரம்பு என்று அடுக்கடுக்காக வரும். பலகை பொது வரம்பை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். ஆனால் வண்டி வகைக்கான உச்சத்தைப் பலகையால் ஏற்ற முடியாது. காருக்காக வைத்த 100 பலகையைப் பார்த்து லாரிக்காரர் 100-ல் போனால் அவர்மேல் வழக்கு வரத்தான் செய்யும்.

படி 1: பலகை இல்லாத இடத்தின் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊருக்குள், ஊருக்கு வெளியே, விரைவுச்சாலை. இந்த மூன்றுக்கும் அந்த நாட்டில் என்ன எண் என்று கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஊருக்குள் 50, வெளியே 100. ஆட்டோபான் எனும் விரைவுச்சாலையில் காருக்குப் பொது உச்சவரம்பு கிடையாது; 130 என்பது பரிந்துரை மட்டும். பிரான்ஸில் 50, 80, 130. அந்த 80 என்பது 2018 ஜூலை வரை 90-ஆக இருந்தது. சில மாவட்டங்கள் தங்கள் சாலைகளில் மறுபடி 90-க்குப் போய்விட்டன. சுவிட்சர்லாந்தில் 50, 80, 120. மலேசியாவில் விரைவுச்சாலையில் 110. சிங்கப்பூரில் வேறு பலகை இல்லையென்றால் 50. இலங்கையில் காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100; முச்சக்கர வண்டிக்கு எங்கே போனாலும் 40.

அடுத்து, ‘ஊருக்குள்’ என்பது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஜெர்மனியில் மஞ்சள் நிற ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டிய கணத்தில் 50 தொடங்கிவிடும். அதற்கென்று தனியாக 50 பலகை நட மாட்டார்கள். பிரான்ஸில் அதே வேலையைச் சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளைப் பெயர்ப்பலகை செய்கிறது. அதே பெயர் குறுக்குக் கோட்டோடு வந்தால் ஊர் முடிந்தது என்று அர்த்தம். இங்கிலாந்தில் ஊர்ப்பெயருக்கு அந்த வேலை இல்லை, அங்கே தெருவிளக்கைப் பார்க்க வேண்டும். 200 கஜத்துக்கு, அதாவது சுமார் 183 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றால், வேறு பலகை இல்லாதவரை அங்கே மணிக்கு 30 மைல். நினைவூட்டுவதற்காக இடையிடையே 30 பலகை வைப்பதும் இல்லை. வேல்ஸ் எல்லைக்குள் போய்விட்டால் அதே விளக்குக் கம்பங்களுக்கு 20 மைல் என்று பொருள், 2023 செப்டம்பர் 17 முதல்.

ஐரோப்பாவில் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பலகைகள் பலரைக் குழப்புகின்றன. வெள்ளை வட்டம், குறுக்கே சாய்வாகக் கறுப்பு. ஜெர்மனியில் மெல்லிய கோடுகளாக வந்தால் ‘இதுவரை இருந்த தடைகள் முடிந்தன’ என்று அர்த்தம்; ஆட்டோபானில் அதற்குப்பின் உச்சவரம்பு இல்லை. பிரிட்டனில் ஒரே தடித்த பட்டையாக வந்தால் ‘தேசிய வேக வரம்பு தொடங்குகிறது’. நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் காருக்கு 60 மைல், இருவழியும் பிரிந்த சாலையிலும் மோட்டார்வேயிலும் 70 மைல். வரம்பில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பலகையைத் தாண்டி அழுத்துபவருக்கு அடுத்த பாலத்தடியில் காவல்துறையின் வேகக் கேமரா வேன் காத்திருக்கும்.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எண் மைலில் இருக்கும்: 30 மைல் என்பது 48 கி.மீ., 60 என்பது 97, 70 என்பது 113. அயர்லாந்துக் குடியரசு 2005 ஜனவரியில் கிலோமீட்டருக்கு மாறியது, வட அயர்லாந்து மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே நிறுத்திச் சோதிக்கும் எல்லைச் சாவடி கிடையாது. 60 என்ற அதே எண் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வேகம், அந்தப் பக்கம் ஒன்றரை மடங்குக்கும் மேல். போதாததற்கு, அயர்லாந்து தன் கிராமப்புறச் சிறு சாலைகளின் பொது வரம்பை 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60-க்கு இறக்கியிருக்கிறது. பழைய வழிகாட்டிகளில் 80 என்றே கிடக்கும்.

அமெரிக்காவுக்கு ஒரே எண் சொல்ல முடியாது. 1974-ல் நாடு முழுக்க 55 மைல் என்று வைத்தார்கள்; 1995-ல் அதை நீக்கி, முடிவை மாநிலங்களிடமே விட்டார்கள். நியூயார்க் நகரில் பலகை இல்லாத தெருவில் 25 மைல். டெக்ஸாஸின் 130-ஆம் எண் மாநிலச் சாலையில் ஒரு பகுதிக்கு 85 மைல். இரண்டும் ஒரே நாடுதான்.

படி 2: உங்கள் வண்டிக்கும் லைசென்ஸுக்கும் தனி வரம்பு இருக்கிறதா?

இந்தியாவில் இந்த அடுக்குதான் முக்கியம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவுப்படி உச்சவரம்பை மத்திய அரசு வகுக்கும். அதற்குள் குறைத்துக்கொள்ள மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. 2018 ஏப்ரல் அறிவிப்பு காருக்கு விரைவுச்சாலையில் 120, நடுத்தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள் 70 என்றது. சரக்கு வண்டிக்கு 80, 80, 60. இருசக்கர வாகனத்துக்கு நகராட்சி எல்லைக்குள் 60. இந்த அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. நகரக் காவல்துறைகள் மத்திய வரம்புக்கும் கீழே தனி ஆணை போடுகின்றன: சென்னையில் 2023 நவம்பர் முதல் காருக்கு 60, இருசக்கர வாகனத்துக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30. ஆகவே இணையத்தில் சுற்றும் ஏதோ ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு ஓட்டாதீர்கள். சாலையில் உள்ள பலகையும் அந்த நகரத்தின் நடப்பு ஆணையும்தான் செல்லும்.

பிரிட்டனில் வாடகைக்கு வேன் எடுத்து வீடு மாற்றுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று. தடுப்பில்லாத சாலையில் காருக்கு 60 மைல், ஆனால் சரக்கு வேனுக்கு 50. இருவழி பிரிந்த சாலையில் காருக்கு 70, வேனுக்கு 60. காருக்குப் பின்னால் டிரெய்லர் கோத்தாலும் தடுப்பில்லாத சாலையில் 50-தான்.

லைசென்ஸ் புதிது என்றால் அதற்கும் ஒரு வரம்பு இருக்கலாம். பிரான்ஸில் தகுதிகாண் காலத்தில் இருப்பவர் மோட்டார்வேயில் 130 பலகை இருந்தாலும் 110-ஐத் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பழகுநரும் முதல்கட்டத் தற்காலிக லைசென்ஸ்காரரும் 90, இரண்டாம் கட்டத்தில் 100.

படி 3: நேரமும் மழையும்

பிரான்ஸில் மழை பெய்தால் 130 என்பது 110 ஆகிவிடும், பலகை மாறாது. பனிமூட்டத்தில் 50 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லையென்றால் எந்தச் சாலையானாலும் 50. நியூ சவுத் வேல்ஸில் பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரையும் பிற்பகல் 2.30 முதல் 4 வரையும் பள்ளி வளையத்தில் 40. மின்பலகையில் மாறும் எண்களைப் பொறுத்தவரை, பிரிட்டனில் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் எரிந்தால் கட்டாயம்; வளையம் இல்லாமல் எண் மட்டும் வந்தால் அது ஆலோசனை. வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் எழுதிய எண்ணும் அமெரிக்காவில் ஆலோசனையே. ஆனால் அதை மீறி வண்டி கவிழ்ந்தால் ‘சூழ்நிலைக்குப் பொருந்தாத வேகம்’ என்று வழக்குப் போட வேறு பிரிவு இருக்கிறது.

எண் எங்கிருந்து வருகிறது?

50 ஏன், 60 ஏன் வைக்கக் கூடாது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி, காய்ந்த சாலையில் நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு நொடிக்கு வேகம் நொடிக்கு 7 மீட்டர் வீதம் குறைகிறது. 50-ல் வரும் கார் கால் வைப்பதற்குள் 21 மீட்டர் ஓடிவிடும், பிறகு 14 மீட்டரில் நிற்கும், மொத்தம் 35. 60-ல் வரும் கார் கால் வைப்பதற்குள்ளேயே 25 மீட்டர் ஓடிவிடும். முதல் கார் நின்ற அதே 35-ஆவது மீட்டரில் இரண்டாவது கார் இன்னும் சுமார் 43 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே ஒரு குழந்தை நின்றால், முதல் கார் தொடாது; இரண்டாவது கார் 43-ல் இடிக்கும். பத்து கி.மீ. வித்தியாசம் என்பது இதுதான். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையொட்டியே.

எண்ணை முடிவு செய்ய உலகில் இரண்டு பெரிய வழிகள் உள்ளன. ஒன்று, ஓட்டுபவர்கள் எந்த வேகத்தில் போகிறார்கள் என்று அளப்பது. அமெரிக்காவில் நெடுங்காலம் ஆண்ட ‘85-ஆம் சதமான’ முறை இது. செய்வது இப்படி:

1. சந்திப்பு, வளைவு, சிக்னல் எதற்கும் அருகில் இல்லாத நேரான பகுதியைத் தேர்ந்தெடுப்பார்கள்.
2. செவ்வாய் முதல் வியாழன் வரை, மழையில்லாத பொழுதில், நெரிசல் இல்லாத நேரத்தில் அளப்பார்கள்.
3. சுதந்திரமாக ஓடும் வண்டிகளை மட்டும் எடுப்பார்கள். முன்வண்டிக்கும் அதற்கும் நான்கைந்து நொடி இடைவெளி வேண்டும். கூட்டமாக வந்தால் தலைவண்டி மட்டும் கணக்கில் வரும்.
4. குறைந்தது 100 வேகங்களைக் குறித்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 85-ஆவது எண்ணை எடுப்பார்கள்.
5. அதை அருகிலுள்ள 5 மைல் மடங்குக்குச் சுருக்குவார்கள். விபத்துப் பதிவு, நடப்பவர் எண்ணிக்கை, கடைவாசல்கள் ஆகியவற்றைப் பார்த்துக் குறைப்பார்கள்.

இதில் கெடுவது எங்கே? அளப்பவர் கண்ணில் படும்படி நின்றால் எல்லோரும் பிரேக் போட்டுவிடுவார்கள். எண் பொய்யாகக் குறையும். வேகமாக வரும் வண்டியாகப் பார்த்துக் குறித்தால் எண் பொய்யாகக் கூடும். அடிப்படைக் குறை இன்னொன்று: வரம்பை ஏற்றினால் வேகம் கொஞ்சம் ஏறும், அடுத்த அளவீட்டில் 85-ஆவது எண்ணும் ஏறும், மறுபடி வரம்பை ஏற்றச் சொல்லும். நடப்பவர்கள் இந்தப் பட்டியலில் வருவதே இல்லை, அவர்களிடம் ஸ்பீடோமீட்டர் இல்லை அல்லவா! 2023 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சாலைக்குறிக் கையேட்டின் 11-ஆம் பதிப்பு, இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்று பொறியாளர்களுக்குச் சொல்கிறது.

இரண்டாவது வழி சுவீடன் 1997-ல் எடுத்தது. மோதினால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து பின்னோக்கி வருவார்கள். நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30. பக்கவாட்டில் கார்கள் மோத வாய்ப்புள்ள சந்திப்பில் 50. நேருக்கு நேர் மோத வாய்ப்புள்ள சாலையில் 70. நடுவில் தடுப்பு இருந்து அந்த வாய்ப்பே இல்லையென்றால் 100-க்கு மேல். அதிக வேகம் வேண்டுமா, தடுப்பைக் கட்டு. கட்ட முடியாதா, வேகத்தைக் குறை. இரண்டில் இந்த வழிதான் நேர்மையானது என்பது எங்கள் கருத்து. 2020-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டுப் பிரகடனமும் கலப்புத் தெருக்களுக்கு 30 என்றே கேட்டது.

உங்கள் தெருவுக்கு வரம்பு கேட்டு மனுப்போடப் போகிறீர்கள் என்றால் வெறும் புகாராகப் போகாதீர்கள், அளந்து கொண்டுபோங்கள். கருவி தேவையில்லை. தெருவில் 50 மீட்டரை டேப்பால் அளந்து இரண்டு கம்பங்களையோ வாசல்களையோ குறியாக வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் ஸ்டாப்வாட்சில் வண்டி கடக்கும் நொடிகளைக் குறியுங்கள். 180-ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு கிலோமீட்டர் வரும்: 6 நொடி என்றால் 30, 3.6 நொடி என்றால் 50. விரல் 0.2 நொடி தவறினால் 50 என்பது 53 ஆகிவிடும். 100 மீட்டர் எடுத்தால் இந்தப் பிழை பாதியாகும் (அப்போது 360-ஐ வகுக்க வேண்டும்). முகம் தெரியாதபடி உள்ளே தள்ளி நின்று நூறு வண்டிகளைக் குறித்துக்கொண்டுபோனால், மனுவுக்கு வரும் பதில் வேறுமாதிரி இருக்கும்.

உங்கள் ஸ்பீடோமீட்டர் என்ன சொல்கிறது?

ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், காரில் உண்மை வேகத்தின் 10 சதவீதத்தோடு 4 கி.மீ. வரை. உண்மையில் 100-ல் போகும்போது முள் 114-ல் நின்றாலும் விதிமீறல் இல்லை. இதனால்தான் செல்போனின் ஜி.பி.எஸ். எப்போதும் கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது. நேர்சாலையில் சீரான வேகத்தில் ஜி.பி.எஸ். நம்பத்தகுந்தது, வேகம் ஏறி இறங்கும்போதும் சுரங்கத்திலும் நம்ப வேண்டாம்.

டயர் மாற்றினால் இந்தக் கணக்கு புரளும். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 622 மி.மீ., 195/65 ஆர்15 போட்டால் 635. முள் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 2 சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் பெரிய டயர் போட்டால் பாதுகாப்பாக இருந்த இடைவெளி முழுவதும் கரைந்துபோகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் வரம்பைப் படித்து எச்சரிக்கும் கருவி கட்டாயம். உதவிதான், ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள். வெளியேறும் கிளைச்சாலைக்கு வைத்த 40-ஐப் பார்த்து நெடுஞ்சாலையில் கூவும். முன்னால் போகும் லாரியின் முதுகில் ஒட்டிய 80 ஸ்டிக்கரையும் பலகை என்று எடுத்துக்கொள்ளும். தவறினால் அபராதம் கருவிக்கு வராது.

எப்படி அளக்கிறார்கள்

ரேடார், அனுப்பிய அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. 24 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு கி.மீ. வேகத்துக்குச் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாறும். நிலையாக நின்று அளக்கும் ரேடார் சாலைக்குச் சாய்வாக நின்றால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்: 10 டிகிரி சாய்வில் 1.5 சதவீதம், 20 டிகிரியில் 6 சதவீதம். சாய்வாக நின்று ரேடார் கன்னைப் பிடித்ததால் வேகம் கூடிவிட்டது என்ற வாதம் எடுபடாததற்குக் காரணம் இதுதான். ரேடாரின் உண்மையான பலவீனம் வேறு. அலைக்கற்றை அகலமானது; பக்கத்தில் ஒரு பெரிய லாரி இருந்தால் யாருடைய வேகம் பதிவானது என்ற கேள்வி எழும். ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் படத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லேசர் கன் அப்படியல்ல. ஒளித்துடிப்புகள் போய்வரும் நேரத்திலிருந்து தூரத்தை மீண்டும் மீண்டும் அளந்து, அரை நொடிக்குள் வேகத்தைக் கணக்கிடுகிறது. கற்றை 300 மீட்டர் தள்ளி ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும், எனவே எந்த வண்டி என்பதில் சந்தேகம் குறைவு. பயிற்சி பெற்றவர் நம்பர் பிளேட்டைக் குறிவைத்துக் கையை அசைக்காமல் பிடிப்பார். அளக்கும் நேரத்தில் ஒளிப்புள்ளி கண்ணாடியிலிருந்து பம்பருக்கு வழுக்கினால் அந்தத் தூரமும் வேகத்தில் சேர்ந்துவிடும். முக்காலி வைப்பது அதற்காகத்தான்.

சராசரி வேகக் கேமராதான் புதியவர்களுக்குப் புரியாதது. இத்தாலி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, பிரிட்டன் எல்லா இடத்திலும் உண்டு. இரண்டு கம்பங்கள், இரண்டிலும் நம்பர் பிளேட் வாசிப்பு, நடுவில் அளந்த தூரம். 10 கி.மீ. தூரத்துக்கு 100 வரம்பு என்றால் 6 நிமிடத்துக்குக் குறைவாக இரண்டாவது கம்பத்துக்கு வரக் கூடாது. 5 நிமிடத்தில் வந்தால் உங்கள் சராசரி 120. கேமராவைப் பார்த்ததும் பிரேக் போட்டு, தாண்டியதும் அழுத்தும் பழக்கம் இங்கே எந்தப் பலனும் தராது. பின்னால் வருபவர் உங்கள்மேல் இடிப்பதற்கு வழிசெய்யும், அவ்வளவே. பாதியில் வேகமாகப் போய்விட்டோம் என்று தெரிந்தால் மீதித் தூரத்தை மெதுவாகக் கடப்பதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் இடையிலும் கம்பங்கள் இருக்கலாம், ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக்கணக்கு.

கேமரா இருக்குமிடத்தைச் சொல்லும் செயலிகள், ரேடார் டிடெக்டர்கள் பற்றி ஒரு வரி: சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தத் தடை. அமெரிக்காவில் சொந்தக் காரில் டிடெக்டர் வைக்க வர்ஜினியாவும் வாஷிங்டன் நகரமும் தடை விதிக்கின்றன.

சலுகை என்று நினைப்பது சலுகையல்ல

அளவீட்டுப் பிழைக்காகக் கழிப்பதை ஊர்க்காரர்கள் ‘இவ்வளவு வரை போகலாம்’ என்று சொல்லிவைப்பார்கள். ஜெர்மனியில் 100 வரை 3 கி.மீ., அதற்கு மேல் 3 சதவீதம் கழிப்பார்கள். ஊருக்குள் 50-ல் கருவி 73 காட்டினால், கழித்தபின் 70, மிகை 20: அபராதம் 70 யூரோ. 74 காட்டினால் மிகை 21: 115 யூரோ, கூடவே ஒரு பாயிண்ட் (ஓட்டுநர் பெயரில் ஏறும் தண்டனைப் புள்ளி). மிகை 31-ஐத் தொட்டால் 260 யூரோவும் ஒரு மாதம் ஓட்டத் தடையும். பிரான்ஸின் நிலையான கேமராக்களில் 100 வரை 5 கி.மீ., மேலே 5 சதவீதம். பிரிட்டனில் காவல்துறைத் தலைமை வழிகாட்டுதல் ‘10 சதவீதம் கூட 2 மைல்’: 30-ல் 35, 70-ல் 79. அது உள்வழிகாட்டுதல், 31-லேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது, நீதிமன்றத்தில் அதைக் காட்டித் தப்ப முடியாது.

அமீரகத்தில்தான் இந்தப் பழக்கம் அதிகமாகக் கையைச் சுடுகிறது. துபாயில் கேமரா பலகை எண்ணுக்கு மேல் 20 கி.மீ. விடும். அபுதாபி அந்த இடைவெளியை 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. அங்கே 140 பலகை என்றால் 141-ல் படம் விழும். இரண்டையும் இணைப்பது ஒரே நெடுஞ்சாலை, நடுவில் யாரும் நிறுத்திச் சொல்ல மாட்டார்கள். வரம்பை 20-க்குள் தாண்டினால் 300 திர்ஹம், 80-க்கு மேல் தாண்டினால் 3000 திர்ஹமும் 23 கரும்புள்ளியும் 60 நாள் வண்டிப் பறிமுதலும்.

வேறு சில நாடுகளில் தண்டனையின் அமைப்பே வேறு. பின்லாந்தில் 20 கி.மீ.-க்கு மேல் தாண்டினால் அபராதம் உங்கள் வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடப்படும். ஜப்பானில் சாதாரணச் சாலையில் மிகை 30-க்குள் என்றால் நீலச் சீட்டு, பணம் கட்டினால் முடிந்தது; 30-ஐத் தொட்டால் சிவப்புச் சீட்டு, அது குற்றவியல் வழக்கு.

அறிவிப்பு வந்தால்

முதலில் யாருக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். நியூயார்க்கின் பள்ளி வளையக் கேமராக்கள் வரம்பை 10 மைலுக்கு மேல் தாண்டினால் வண்டி உரிமையாளருக்கு 50 டாலர் அனுப்பும். யார் ஓட்டினார் என்று கேட்காது, பாயிண்டும் இல்லை. ஜெர்மனியில் ஓட்டியவரே பொறுப்பு, அதனால்தான் கேமரா முன்பக்கம் முகத்தைப் படமெடுக்கிறது. பிரிட்டனில் பதிவு உரிமையாளருக்கு 14 நாளுக்குள் கடிதம் வர வேண்டும். ஓட்டியவர் யார் என்று அவர் 28 நாளுக்குள் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் 6 பாயிண்ட். வேகத்துக்கு 3 பாயிண்ட் வாங்கியிருக்க வேண்டியவர் மௌனத்துக்கு இரட்டிப்பாக வாங்குவார். லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு 6 பாயிண்ட் என்றால் லைசென்ஸே போய்விடும்.

இந்தியாவில் மின்னணுக் கேமரா சலானுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ பொருந்தும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும். நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி காட்டிய வேகம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பது அதில் இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். சாலையில் கேமரா உண்டு என்ற எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். எதிர்ப்பதானால் இந்த வரிசையில் பாருங்கள்: படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா (ஒரு எழுத்துத் தவறி வாசிப்பதும் போலி நம்பர் பிளேட்டும் உண்டு), அந்த இடத்துக்கு, உங்கள் வண்டி வகைக்கு, அவர்கள் எழுதிய வரம்பு சரிதானா, பிறகுதான் கருவி. ‘எல்லோரும் அதே வேகத்தில்தான் போனார்கள்’ என்பது எந்த நாட்டிலும் பதிலாகாது.

பழைய வண்டியை விற்றவர்கள் பெயர்மாற்றம் முடிந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சலான் போகும். வாங்கியவர் ஓட்டும் வேகத்துக்கு விற்றவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும்.

வாடகைக் காரானால் அறிவிப்பு முதலில் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென்று ஒரு கட்டணத்தை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். அது அபராதம் அல்ல. அபராதம் தனியாக, வாரங்கள் கழித்து வரும். ஸ்பெயினில் 20 நாளுக்குள் கட்டினால் பாதித்தொகை, இத்தாலியில் 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடியில் கட்டியபின் எதிர்ப்புத் தெரிவிக்க முடியாது, ஆகவே படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வண்டிக்குச் சலான்’ என்று இணைப்போ ஏ.பி.கே. கோப்போ வந்தால் திறக்காதீர்கள். இந்தியாவில் இந்த மோசடி பரவலாக நடக்கிறது. கோப்பை நிறுவினால் ஓ.டி.பி. முதல் வங்கிக் கணக்குவரை கைமாறிவிடும். அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.